பச்சை உடம்புக்குக் கைத்துணை

(திருநெல்வேலிப் பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள். பிள்ளை பெற்ற பெண்ணின் முதல் சில வாரங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது, இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் மறுவார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முதலில் நன்றி. நான் செவிலியாக வேலை பார்த்தவள். பிறகு செவிலியர்களுக்குப் பாடம் நடத்தியவள். பிரசவ அறையில் கற்றதை விட, பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன பெண்களிடம் கற்றதுதான் எனக்கு அதிகம்.

என் பேச்சின் பொருளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் கொடு என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது, டாக்டர் சொல்கிறார், ஆச்சி சொல்கிறாள், பக்கத்து வீட்டு மதினி சொல்கிறாள். அவள் பால் கொடுக்க உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் அவளுடைய வேலையைக் கையில் வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பால் தாயின் உடம்பில் ஊறுகிறது. அது தடையில்லாமல் இறங்குவதற்குச் சுற்றியிருக்கும் கைகளின் உதவி வேண்டும். அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. மதுரை திரவியம் தாயுமானவர் என்பது அதன் விரிவு. அந்தத் தாயுமானவர் என்ற பெயர் திருச்சி மலைக்கோட்டையிலிருந்து வந்தது. கதை உங்களுக்குத் தெரியும். ரத்னாவதி நிறைமாதக் கர்ப்பிணி. தாய் வந்து பார்த்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம், தாயால் இக்கரைக்கு வர முடியவில்லை. வலி கண்டுவிட்டது. தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தது சிவபெருமான். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும் வரை கூடவே இருந்தார் என்கிறது தலபுராணம். நான் இந்தக் கதையில் கவனிப்பது ஒன்றுதான். பிரசவத்தைச் சுகமாக முடித்துக் கொடுத்துவிட்டு இறைவன் மறைந்திருக்கலாம். மறையவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு ஆள் வேண்டும் என்று இருந்தார். நம் முன்னோர் கடவுளுக்கே அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்றால், அதை எவ்வளவு பெரிதாக மதித்திருப்பார்கள்!

மதித்ததை வீட்டு வழக்கத்திலும் காணலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படாத தனி அறை. உடம்பு தேய்த்து, நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் வேது. சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய காயமருந்து. நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி. வெள்ளைப்பூண்டு, சுறாப்புட்டு. இஸ்லாமியர் வீடுகளில் நாற்பது நாள், மற்றவர் வீடுகளில் வழக்கத்துக்குத் தக்க பதினாறோ முப்பதோ நாற்பதோ. தீட்டு என்று சொல்லி ஒதுக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை பெற்ற பெண் தீண்டத்தகாதவள் அல்லள். ஆனால் அந்த நாட்களில் அவள் அடுப்படிக்குப் போக வேண்டாம், கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டாம், வயலுக்குப் போக வேண்டாம் என்ற விடுதலையும் அதற்குள்தான் இருந்தது. சீனர்கள் இதை ஒரு மாத இருப்பு என்று கடைப்பிடிக்கிறார்கள். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1973இல் தாய்ப்பாலைப் பற்றி எழுதிய நூலில் இதையே வலியுறுத்தினார்: பிள்ளைக்குத் தாய் தாயாக இருக்க வேண்டுமானால், அந்தத் தாய்க்குத் தாயாக இன்னொருவர் வேண்டும். நம்மூர் ஆச்சிகளுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியிராத பாடம்.

வழக்கம் எல்லாம் நல்லதல்ல. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது நம் பக்கத்தில் உண்டு. சீனித்தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், வீட்டில் நல்ல பேர் எடுத்த பெரியவரைத் தேடிப்பிடித்து வைக்கச் சொல்வார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கிவிடும். சீனித்தண்ணீர் பிள்ளையின் பசியை அடக்கி, மார்பில் வாய் வைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். காதில் பாங்கு சொல்வதும் பெயர் சொல்வதும் பிள்ளைக்கு ஒரு தீங்கும் செய்யாது, தாராளமாகச் செய்யுங்கள். சேனை வைக்க அழைத்துவந்த பெரியவர், பிள்ளை பெற்றவளுக்கு முதல் மடக்குச் சூடான பானத்தைத் தம் கையால் கொடுக்கட்டும். குணம் அந்த வழியாகவும் போகும்.

அடுத்தது சீம்பால். மாடு ஈன்றால் கடும்புப்பாலுக்குத் தெருவே தூக்குவாளியோடு நிற்கும். பெண்ணின் சீம்பாலை மட்டும் மஞ்சளாக, கட்டியாக இருக்கிறது, பிள்ளைக்குச் செமிக்காது என்று பீச்சி ஊற்றிய காலம் உண்டு. இப்போது அது பெருமளவு போய்விட்டது. போகாத இடம் இன்னும் இருக்கிறது. பிறந்த அன்று பிள்ளையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்ளும் பால் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. சீம்பாலும் அந்த அளவில்தான் ஊறுகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் செறிந்த பால் அது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று தாகத்தோடு வைத்திருப்பதும் தவறு. நம்மூர் வெயிலில், பால் கொடுக்கும் பெண் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வையுங்கள். அதை வைப்பதற்கும் ஒரு கை வேண்டும்.

இனி உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பால் ஊறச்செய்யும் ஹார்மோன் புரோலாக்டின். அது இரவில் அதிகம் சுரக்கும். அதனால் இராப்பால் முக்கியம். ஊறிய பாலைக் காம்புக்குத் தள்ளுவது ஆக்ஸிடோசின். பிள்ளையின் வாய் பட்டாலும், அழுகுரல் கேட்டாலும், சில பெண்களுக்குப் பிள்ளையை நினைத்தாலே கூட அது சுரந்து பால் இறங்கிவிடும். ஆனால் வலி, பயம், கவலை, அவமானம் வந்தால் அது தயங்கி நின்றுவிடும். பால் இருக்கும், இறங்காது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டன் என்ற பெண் அறிஞரும் அவர் கணவர் மைக்கேல் நியூட்டனும் செய்தது. பால் கொடுக்கும் தாயாக நைல்ஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். சில நாட்களில் அமைதியாகப் பால் கொடுத்தார். சில நாட்களில், பால் கொடுக்கும்போதே காலைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தார்கள். கால் விரலை வலிக்கும்படி இழுத்தார்கள். கணக்குக் கேள்விகளை அடுக்கிப் பதில் சொல்லச் சொன்னார்கள். பிள்ளையைப் பால் குடிக்கும் முன்னும் பின்னும் எடை போட்டார்கள். தொந்தரவு செய்த நாட்களில் பிள்ளைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொந்தரவோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்ட நாட்களில், பால் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மார்பில் பால் இல்லாமல் போகவில்லை, தொந்தரவு அதை இறங்கவிடாமல் பிடித்து வைத்தது என்பது அதிலிருந்து தெரிந்தது.

நம் வீடுகளில் பனிக்கட்டித் தண்ணீர் இல்லை. "ஏளா, ஒனக்குப் பால் இருக்கா இல்லையா?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்கும் கேள்வி இருக்கிறது. "பிள்ளை ஏன் இப்படி எலும்பா இருக்கு?" என்ற கேள்வி இருக்கிறது. பெண்பிள்ளையா என்று கேட்டுவிட்டு ஒரு நொடி பேசாமல் இருக்கும் அந்த மௌனம் இருக்கிறது. விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் பாலைப் பற்றிக் கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனதைச் சொல்கிறேன். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்த எட்டாம் நாள். தமிழ்நாட்டில் பிரசவம் அநேகமாக முழுவதும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அதில் நூற்றுக்கு 45 சிசேரியன். அதனால் இது ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. அந்தப் பெண், "பால் பத்தல சிஸ்டர், டப்பாப் பால் வாங்கட்டுமா?" என்று கேட்டாள். காம்பில் வெடிப்பு. பிள்ளை வாய் வைக்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கி, கால் கட்டைவிரல் மடங்கியது.

எப்படிக் கொடுக்கிறாள் என்று பார்த்தேன். பிள்ளை மல்லாக்கப் படுத்திருந்தது. தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, காம்பின் நுனியைக் கவ்வியிருந்தது. நாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால் அந்தச் சிரமம் தெரியும். முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரச் சொன்னேன். தையல் போட்ட வயிற்றில் பாரம் படாமல் மடியில் தலையணை வைத்தோம். பிள்ளையை முழு உடம்போடு அவள் பக்கம் திருப்பி, வயிறோடு வயிறு ஒட்டினோம். காம்பைப் பிள்ளையின் மேல் உதட்டில் லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவசரப்பட்டுத் திணிக்கக் கூடாது. கொட்டாவி விடுகிற மாதிரி வாய் பெரிதாகத் திறந்ததும், தாடை முதலில் மார்பில் படும்படி அணைத்தாள். காம்பு மட்டும் இல்லாமல், அதைச் சுற்றிய கருவட்டத்தில் பெரும்பகுதி பிள்ளையின் வாய்க்குள் போனது. கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்தது. நாலைந்து இழுப்புக்குப் பிறகு விழுங்கும் சத்தம் கேட்டது. அவள் கால் கட்டைவிரல் மடங்கவில்லை.

பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் அறையின் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே சுளகு. சுளகில் வெட்டிய இலை, தூள், நூல், பாதி சுற்றிய பீடி. "நாளைக்குக் கடையில குடுக்கணும்" என்றாள். எட்டாம் நாள்! அவள் அம்மா அடுக்களையிலிருந்து வந்து சுளகைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நீ பாலைக் குடுளா, நான் முடிச்சிருதேன்" என்றார். பிள்ளையைச் சரியாகப் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்தேன். அவளைக் கவலை இல்லாமல் உட்காரவைத்தது அந்த அம்மாதான்.

பால் பற்றவில்லை என்று சொல்லும் பெண்களில் மிகப் பலருக்கு உண்மையில் பால் போதும். எப்படித் தெரிந்துகொள்வது? பிறந்து ஆறாம் நாளிலிருந்து பிள்ளை இருபத்துநாலு மணி நேரத்தில் ஆறு முறையாவது மூத்திரம் போக வேண்டும். பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடிக்க வேண்டும். இவை சரியாக இருந்தால், மாலையில் பிள்ளை எவ்வளவு அழுதாலும் அது பாலில்லாத அழுகை அல்ல. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான ஒற்றடம் கொடுத்துக் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டுப் பிள்ளையைப் போடுங்கள். ஒரு பக்கம் சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பால் வற்ற வேண்டிய துயரம் வந்த வீடுகளில் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல், பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1988இல் வெளிவந்தது. பூவுக்கும் அந்த ஆற்றல் இருப்பதாக அது கண்டது. அதனால் பால் கொடுக்கும் பெண் அந்தப் பூவை மார்பில் கட்டக் கூடாது என்று ஆச்சிகள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

டப்பாப் பாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, பால்மாவு விளம்பரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே சொன்னார். உலகம் அதை ஏற்று விதிமுறை வகுக்க 1981 ஆகிவிட்டது. இந்தியாவில் 1992இல் சட்டம் வந்தது. 2003இல் திருத்தி இறுக்கினார்கள். அதன்படி இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பால்மாவையோ, பால் புட்டியையோ, டப்பா உணவையோ விளம்பரம் செய்ய முடியாது. இலவச மாதிரி தர முடியாது. மருத்துவக் காரணத்தால் பால்மாவு தேவைப்படும் பிள்ளைகள் உண்டு; அந்தத் தாய்மார்களை யாரும் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவில், கொதித்து ஆறிய நீரில் கரைத்து, புட்டியைத் தவிர்த்துப் பாலாடையில் கொடுங்கள். சங்கும் பாலாடையும் நம் வீட்டில் இருந்தவைதானே.

இப்போது பீடிக்கு வருகிறேன். பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், கடையம், ஆலங்குளம் என்று இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் அதன் ஓரத்திலும் பீடி சுற்றாத தெரு குறைவு. பெரும்பாலும் பெண்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. உட்கார்ந்தால் காசு, எழுந்தால் இல்லை. பால் கொடுக்க எழும் ஒவ்வொரு தடவையும் கூலியில் குறைகிறது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டிய மாதத்தில், பால் கொடுப்பது இலவசம் என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அதற்கான விலையை அந்தப் பெண் ஆயிரக்கணக்கில் பீடியாகக் கொடுக்கிறாள்.

தூள் மடியிலும் விரலிலும் மூச்சிலும் படிகிறது. புகைக்காமலே நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகிறது. அங்கிருந்து பாலுக்கும் போகிறது. இதைக் கேட்டுப் பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக்குத் தாய்ப்பாலே சிறந்தது, இந்த நிலையிலும். ஆனால் சில காரியங்களைச் செய்தே ஆக வேண்டும். பீடிக்கு உட்காரும்போது சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் முன் அதைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையைச் சேலையில் துடைத்தால் போதாது. தொட்டிலைச் சுளகு இருக்கும் அறையில் கட்டாதீர்கள். ஒற்றை அறை வீடு என்றால் வாசல் பக்கம் கட்டுங்கள். காலில் தொட்டில் கயிற்றை மாட்டி ஆட்டிக்கொண்டே பீடி சுற்றும் பெண்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய திறமையை மெச்சுவதை விட, அவர்களுக்கு அது தேவைப்படாமல் செய்வதுதான் நம் கடமை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதி உதவித் திட்டம் 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்து, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாயானது. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பேருந்துக்கு நிற்கும் பெண் முந்தானைக்குள் ஒடுங்கித் தவித்த தவிப்பை ஒரு அரசாங்கம் பொருட்படுத்தியது என்பதே பெரிய செய்தி. அந்த அறைகள் இன்று பூட்டிக் கிடக்கின்றனவா, விளக்கும் மின்விசிறியும் ஓடுகின்றனவா என்று பார்ப்பது நம் வேலை. அதே ஆண்டில் வந்த குழந்தை நலப் பெட்டகத்தில் பதினாறு பொருட்கள். பிள்ளைக்குத் துண்டு, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை எல்லாம் இருந்தன. கூடவே தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. அதைச் சேர்க்க வேண்டும் என்று கோப்பில் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது; அவரை வணங்குகிறேன். அந்தப் பெட்டகத்தைப் பார்த்தால் பிள்ளையோடு ஒரு தாயும் வீட்டுக்குப் போகிறாள் என்று யாரோ நினைத்திருப்பது தெரிகிறது.

குறை எங்கே என்றால், விடுப்பில். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். மனம் நிறைந்து வரவேற்கிறேன். அதே தெருவில், அடுத்த வீட்டில், எட்டாம் நாள் சுளகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் இன்னொரு பெண். இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய பால் ஒன்றுதான்.

அடுத்தது மனம். பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, பிள்ளை மேல் பற்று இல்லாமல், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஊன்றிப்போனால், அது நோய். காய்ச்சல் போல அதுவும் நோய்தான். மருந்து உண்டு, தீரும். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர் என்றது அது. காரணங்களாகச் சொன்னவற்றைக் கவனியுங்கள்: வறுமை, ஆண்பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், வாழ்வில் நேர்ந்த துன்பங்கள். இவற்றோடு, கைவேலைக்கு உதவி இல்லாமை. ஒரு மருத்துவ ஆய்வு, பாத்திரம் கழுவ ஆள் இல்லாததை நோய்க்கான காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறது. நாடு முழுதும் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான கட்டுரை, இந்தியத் தாய்மார்களில் நூற்றுக்கு இருபத்திரண்டு பேருக்கு இந்தச் சோர்வு என்று கணித்தது.

பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள் ஒன்று உண்டு, 1987இல் வந்தது. தமிழிலும் அதைப் பெயர்த்து, நம் பெண்களிடம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். அதைக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் அதைக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. பிள்ளையின் எடையை எழுதும் அட்டையில் தாயின் மனத்துக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள், தூக்கமே இல்லாமல், தொடர்பில்லாமல் பேசி, இல்லாத குரல் கேட்டு, பிள்ளையைப் பற்றி விபரீத நினைப்பு வரும். ஜன்னி கண்டிருக்கிறது, காத்து அடித்திருக்கிறது என்பார்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே. தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் வைத்து வைத்தியம் செய்ய 2009இலிருந்து தனிப் பிரிவே இருக்கிறது. அப்படி ஒன்று தெற்கே நமக்கும் வேண்டும். மனம் விட்டுப் பேச யாரும் இல்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

தாய் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறோம். எப்படிப் பார்த்துக்கொள்வாள்? முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது 600 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு. அது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவளுக்கு அந்த நான்காவது வேளை எங்கிருந்து வரும்? முதலில் அவளுக்குப் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். அது தீர்ந்ததா, கழிவறை ஜன்னலில் கிடக்கிறதா என்று கணவர் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்தில் துணி நனைந்து ஊறும் அளவு உதிரப்போக்கு, குளிர்க்காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கண் இருட்டித் தலை இடிப்பது, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108க்கு அழையுங்கள்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே உங்களால் முடியும். நள்ளிரவில் பிள்ளை அழுதால் முதலில் எழுந்திருப்பது நீங்களாக இருங்கள். ஈரத்துணியை மாற்றிப் பிள்ளையை அவளிடம் கொடுங்கள். குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள். அவள் உடனே தூங்கிவிடலாம். ஒரு இரவில் அவளுக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் மிச்சமாகும். துபாயிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் கணவர்கள் போனில் பிள்ளையைக் காட்டச் சொல்வதற்கு முன்னால், பாத்திரம் துலக்க ஒரு ஆளுக்கு மாதம் பணம் அனுப்புங்கள்.

முடிப்பதற்கு முன் பீடிக்கார வீடுகளுக்குச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றது. 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை அவளுக்கும் பொருந்தச் செய்தது அந்த 1966ஆம் ஆண்டுச் சட்டமே. 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இருபத்தாறு வாரக் கூலி. பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் போதும். இந்தச் சட்டங்கள் எல்லாம் 2020இல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் 2025இல் போய்ச் சேர்ந்துவிட்டன; அந்த மாற்றத்தில் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணின் உரிமை நழுவாமல் பார்த்துக்கொள்ளத் தொழிற்சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எண்பது நாளுக்கு அத்தாட்சி, சுற்றிக் கொடுத்த பீடியைக் கடையில் கணக்கு எழுதும் பாஸ் புக். பல வீடுகளில் மருமகள் சுற்றுவாள், பாஸ் புக் மாமியார் பேரில் இருக்கும். சில வீடுகளில் பாஸ் புக்கே இல்லாமல், இன்னொருவர் கணக்கில் பீடி போகும். அப்படியானால் அந்தப் பெண் சுற்றிய ஒரு பீடிகூட அவள் கணக்கில் இல்லை. பிள்ளை பிறக்கும்போது கேட்க அவளுக்கு வழியும் இல்லை. இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் அடுத்த ஆண்டும் ஒரு சொற்பொழிவு நடக்கும். அதற்குள் பேட்டையில் கல்யாணம் முடிந்து பீடிக்கு உட்காரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பேரில் பாஸ் புக் எடுத்துக் கொடுக்கும் வேலையை இங்குள்ள மகளிர் குழுக்கள் ஏற்றுக்கொண்டால், நான் வந்து கூட உட்கார்ந்து விண்ணப்பம் எழுதித் தருகிறேன். ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ எடுத்து வாருங்கள்.